ஹேண்ட்கார்ட் எத்தனை அங்குலம்? கிரெடிட் கார்டைத் தேய்ப்பதற்கு முன் டேப்பை எடுங்கள்

என் முதல் ஏஆர்-15 ரைஃபிளுக்கு 15 அங்குல ரெயில் வாங்கினேன், அதாவது பேரலைச் சுற்றிக் கை பிடிக்கும் ஹேண்ட்கார்ட். படத்தில் பார்க்க அம்சமாக இருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. பெட்டியைப் பிரித்து ரைஃபிளுக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் உறைத்தது: என் பேரலின் நடுவில் முக்கோணமாக, குறி பார்க்கும் முன் சைட் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதைக் கழற்றாமல் இந்த ரெயில் உள்ளே போகாது. கழற்றினால் அந்த இடத்துக்கு வேறு கேஸ் பிளாக் (பேரலிலிருந்து வாயுவை எடுக்கும் கட்டை) வேண்டும். ரெயிலை மாட்ட, பேரலை ரைஃபிளோடு இறுக்கும் பேரல் நட்டைத் திறக்க வேண்டும், அதற்குத் தனி ரெஞ்ச், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச். பாதி வழியில் பயந்துபோய் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொண்டு போய்க் கொடுத்தேன். 180 டாலர் ரெயில் 400 டாலரைத் தாண்டியது. எல்லாம் முடிந்து சுடும் ரேஞ்சுக்குப் போனால், என் இடது கை 11 அங்குலத்துக்கு மேல் போகவே இல்லை. மிச்ச 4 அங்குலத்தை இன்றுவரை சும்மா சுமக்கிறேன்.

இந்தச் சுற்று உங்களுக்கு வேண்டாம். கீழே இருப்பது அமெரிக்காவில் ஏஆர்-15 வகை ரைஃபிளைச் சட்டப்படி வைத்திருப்பவர்களுக்கானது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஏகே வகை இரண்டுக்கும் கணக்கே வேறு.

1. அளப்பதற்கு முன் காகிதம்

ஹேண்ட்கார்ட் சட்டப்படி துப்பாக்கி அல்ல. ஏஆர்-15இல் ட்ரிகர் இருக்கும் கீழ் ரிசீவர்தான் துப்பாக்கியாகக் கணக்கு. அதனால் ரெயில் வாங்க, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் கிடையாது, நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். இந்த எளிமையை நம்பித்தான் நம் ஆட்கள் பலர் ஏமாறுகிறார்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு. அதிகம் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை என்ன என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ரெயிலைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்னொன்று பேரல் நீளம். ரைஃபிள் பேரல் குறைந்தது 16 அங்குலம், மொத்த நீளம் குறைந்தது 26 அங்குலம். இதற்குக் கீழே போனால் அது வேறு வகை: முதலில் விண்ணப்பம், கைரேகை, ஒப்புதல், அதற்குப் பிறகுதான் பாகங்களைச் சேர்க்க வேண்டும். 200 டாலராக இருந்த வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆகிவிட்டது. வரி போனதே தவிர ஒப்புதல் போகவில்லை. ‘இப்போது இலவசம்தானே’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், மீறினால் 10 ஆண்டு வரை சிறை.

மாநில விதிகளும் தனியாக உண்டு. ரெயில் நீளத்தில் கலிபோர்னியா தலையிடாது. ஆனால் அதன் அடியில் நீங்கள் மாட்டும் செங்குத்துப் பிடி அங்கே உங்கள் ரைஃபிளைத் தடை செய்யப்பட்ட வகைக்குள் தள்ளிவிடலாம். ரெயிலில் எதை மாட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

2. கேஸ் பிளாக் எங்கே இருக்கிறது?

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பகுதியையும் அடுத்ததையும் மட்டும் படியுங்கள்.

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்துப் பிடித்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறொரு அறையில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் டேப்பைத் தொட வேண்டாம்.

சுட்ட தோட்டாவின் வாயுவில் ஒரு பங்கு பேரலில் உள்ள சின்னத் துளை வழியாகக் கேஸ் பிளாக்குக்கு ஏறி, ஒரு மெல்லிய டியூப் வழியாகப் பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளுகிறது. அந்தப் பிளாக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிஸ்டல், கார்பைன், மிட், ரைஃபிள் என்று நான்கு பெயர்கள். பேரல் வந்து சேரும் மேல் ரிசீவரின் முன்முகத்திலிருந்து பிளாக் தொடங்கும் இடம் வரை அளந்தால் கார்பைனுக்கு சுமார் 7 அங்குலம், மிட்டுக்கு 9, ரைஃபிளுக்கு 12. பிஸ்டல் இன்னும் குட்டி.

இனி பிளாக்கைப் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்கும்.

முதல் வகை, என்னுடையதைப் போல, முன் சைட்டோடு சேர்ந்த உயரமான பிளாக். ஹேண்ட்கார்ட் அதற்கும் ரிசீவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த டெல்டா ரிங் ஒன்று அதை இறுக்கிப் பிடித்திருக்கும். இந்த அமைப்பில் நீளத்தைத் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. கார்பைன் என்றால் கார்பைன் அளவு, மிட் என்றால் மிட் அளவு, அவ்வளவுதான். இரண்டு துண்டாக வரும் டிராப்-இன் ஹேண்ட்கார்ட் வாங்கினால், ரிங்கை ரிசீவர் பக்கமாக அழுத்திப் பழையதை எடுத்துப் புதியதைப் போட 5 நிமிடம் போதும். பிளாஸ்டிக்கில் 30 டாலருக்கே கிடைக்கிறது. வாரம் ஒரு முறை 50 கஜத்தில் காகிதத்தைச் சுடுகிறவருக்கு இதுவே தாராளம் என்பது என் கட்சி. அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன்.

இரண்டாவது வகை, பேரலை ஒட்டிப் படுத்திருக்கும் தாழ்வான பிளாக். அதை மூடிக்கொண்டு முன்னால் போகும் ஃப்ரீ-ஃப்ளோட் ரெயில் இதற்குத்தான். இந்த ரெயில் பேரல் நட்டில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், பேரலை வேறு எங்கும் தொடாது. அதனால்தான் ஸ்லிங் வாரை இழுத்தாலும் பைபாட் என்ற இரு கால் தாங்கியை அழுத்தினாலும் குண்டு விழும் இடம் அவ்வளவாக மாறுவதில்லை. இங்கே குறைந்தபட்ச நீளத்தைப் பிளாக் தீர்மானிக்கிறது. பிளாக்கை முழுசாக மூடி இன்னும் கொஞ்சம் தாண்ட வேண்டும். கார்பைன் கேஸுக்கு 9 அங்குலத்திலிருந்து பார்க்கலாம். மிட்டுக்கு 12. ரைஃபிள் கேஸுக்கு 13 அங்குல ரெயில் வாங்கினால் பாதிப் பிளாக் உள்ளே, பாதி வெளியே என்று நிற்கும், 15தான் சரி.

பிளாக் திறந்து கிடந்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டு மேகசின் சுட்ட பிறகு அதைத் தொட்டுப் பாருங்கள். வேண்டாம், தொடாதீர்கள்.

3. முனையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

குறைந்தபட்சத்தைப் பிளாக் சொன்னது. அதிகபட்சத்தை மஸில், அதாவது பேரலின் முனை, சொல்லும்.

பேரல் நீளத்தை அளப்பது போல்ட் முகத்திலிருந்து, ரெயிலை அளப்பது ரிசீவரின் முன்முகத்திலிருந்து. இரண்டும் ஒரே புள்ளி அல்ல. 16 அங்குலப் பேரலில் ஒரு பகுதி ரிசீவருக்குள் மறைந்திருக்கிறது. முனையிலோ அரை அங்குலத்துக்கும் மேல் மரை, அதன் மேல் தீச்சுடரைக் குறைக்கும் ஃப்ளாஷ் ஹைடர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ‘16 கழித்தல் 15, ஒரு அங்குலம் மிச்சம்’ என்ற கணக்கு தப்பு. ரிசீவர் முன்முகத்திலிருந்து, மஸில் சாதனம் வந்து முட்டும் அந்தப் படி வரை டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

அந்த எண்ணிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது முனையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஃப்ளாஷ் ஹைடர் என்றால் அதன் ரெஞ்ச் பிடிக்கும் தட்டைப் பகுதி வெளியே தெரிந்தால் போதும். உதைப்பைக் குறைக்கும் மஸில் பிரேக் என்றால் அதன் பக்கவாட்டு ஓட்டைகள் எல்லாம் ரெயிலைத் தாண்டி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடான வாயு ரெயிலின் உட்புறத்தில் அறையும். சத்தத்தைக் குறைக்கும் சப்ரெசர் மாட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். அதைப் பூட்டும் வளையத்தைத் திருக விரல் நுழைய வேண்டும். பெரும்பாலான சப்ரெசர்கள் ஒன்றரை அங்குலம் அல்லது அதற்கு மேல் விட்டம் கொண்டவை, ஒல்லியான ரெயிலின் வாய்க்குள் போகாது. 16 அங்குலப் பேரலில் சப்ரெசர் ஆசை உள்ளவர்களுக்கு 13 அங்குல ரெயில்தான் வம்பில்லாதது.

14.5 அங்குலப் பேரல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் மஸில் சாதனத்தைப் பின் அடித்து வெல்டிங் செய்து நிரந்தரமாக்கி 16ஐ எட்ட வைத்திருப்பார்கள். நிரந்தரம் என்றால் கேஸ் பிளாக்கை முன்பக்கமாக உருவவே முடியாது, பேரல் நட்டும் அப்படித்தான் சிக்கிக்கொள்ளும். இருக்கிற நட்டிலேயே பிடிக்கும் ரெயில், அதுவும் அந்தச் சாதனத்தின் மேலாக வழுக்கிப் போகும் அளவு அகலமானது, கிடைத்தால் தப்பித்தீர்கள். கிடைக்காவிட்டால் வெல்டிங்கை அறுத்து, ரெயில் மாற்றி, மறுபடி வெல்டிங். அறுத்த நிமிடத்திலிருந்து அது 14.5 அங்குல ரைஃபிள் என்பதை மறக்காதீர்கள். கீழ் ரிசீவரிலிருந்து பிரித்து மேல்பாதியை மட்டும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். இந்த வகைப் பேரலைப் புதிதாக வாங்குகிறவர்கள் வெல்டிங்குக்கு முன்பே ரெயிலை இறுதி செய்துவிட வேண்டும்.

4. உங்கள் கை எங்கே போகிறது?

இப்போது குறைந்தபட்சம் ஒன்று, அதிகபட்சம் ஒன்று கையில் இருக்கிறது. நடுவில் எது என்பதைக் கை சொல்லட்டும்.

காலி ரைஃபிளை எடுங்கள், அறையை மறுபடி பாருங்கள். பாதுகாப்பான சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடி, வழக்கமாகத் தூக்குவதைப் போலத் தோளில் வையுங்கள். பிடித்த இடத்தில் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து, ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில் வீட்டில் ஒருவரை மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். இப்படி ஐந்து முறை. எனக்கு ஐந்து டேப்பும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் விழுந்தன: பத்தரை, பதினொன்று, அந்தப் பக்கம். கையை நீட்டிப் பிடிப்பவர்களுக்கு 13ஐத் தொடலாம். முழங்கையை மடக்கி மேகசின் பக்கத்தில் பிடிக்கும் பழக்கம் இருந்தால் 8 கூட வரலாம். தடித்த குளிர்கால ஜாக்கெட் போட்டுச் சுடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும், அரை அங்குலமாவது மாறும்.

கடைசி டேப்பிலிருந்து முன்னால் குறைந்தது இரண்டு அங்குலம் இருக்கட்டும். விளக்கு மாட்டுகிறவர்களுக்கு மூன்று. இதற்கு மேல் உள்ளதெல்லாம் அழகுக்கு. அழகு வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் அந்த எடை ரைஃபிளின் முனையில் தொங்குகிறது. 13க்கும் 15க்கும் இடையே வித்தியாசம் ஓரிரண்டு அவுன்ஸ்தான். தராசில் அது ஒன்றுமில்லை. நின்றுகொண்டே 30 குண்டு சுட்ட பிறகு கேளுங்கள்.

5. எதை மாட்டப் போகிறீர்கள்?

நீளமான ரெயிலுக்கு நியாயமான காரணங்களும் உண்டு. பைபாட் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு ஆடாமல் நிற்கும். படுத்துச் சுடுகிறவர்களுக்கும், தடுப்புகளின் மேல் ரைஃபிளைச் சாய்த்துப் போட்டியில் சுடுகிறவர்களுக்கும் 15 உண்மையிலேயே உதவும். மடங்கும் இரும்பு சைட் வைப்பவர்களுக்கு முன், பின் சைட்டுகளுக்கு இடையே தூரம் கூடும், குறி தவறுவது குறையும். விளக்கை முன்னால் தள்ளினால் பேரலின் நிழல் வெளிச்சத்தில் விழுவது குறையும்.

இது எதுவும் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் 16 அங்குலப் பேரலுக்கு 13 என்று முடித்துக்கொள்ளலாம். ராணுவம் எப்படிச் செய்கிறது என்று பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு: சிறப்புப் படைகளின் 14.5 அங்குலப் பேரல் கொண்ட எம்4ஏ1 ரைஃபிளில் 12.25 அங்குல ரெயில் வந்தது, பின்னால் வந்த மேம்பாட்டில் அதே நீளப் பேரலுக்கு 13.5. அது அவர்களுடைய லேசருக்கும் சப்ரெசருக்கும் ஏற்ற அளவு, நமக்கு வேதவாக்கு அல்ல.

விளக்கு, பிடி போன்றவற்றை ரெயிலில் மாட்டும் முறைகளில் எம்-லாக்கை எடுங்கள். அதற்குப் போட்டியான கீமாடில் புதிய உதிரிகள் வருவது குறைந்துவிட்டது. நாலு பக்கமும் பிக்கட்டினிப் பல் உள்ள ரெயில் கனம், கையையும் சுரண்டும்.

6. விளம்பரத் தலைப்பை நம்பாதீர்கள்

‘13 அங்குலம்’ என்று தலைப்பில் போட்டது உள்ளே 12.6 ஆகவும் இருக்கலாம், 13.5 ஆகவும் இருக்கலாம். ‘15’ என்பது 15.5 ஆக வந்தால் 16 அங்குலப் பேரலில் மஸில் சாதனத்தின் அடிப்பகுதி ரெயிலுக்குள் புதைந்துவிடும். விவரப் பட்டியலில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: உண்மையான நீளம், உள்விட்டம், பேரல் நட் சேர்த்து வருகிறதா, நட்டுக்கான ரெஞ்ச் சேர்த்து வருகிறதா. இல்லாவிட்டால் கடைக்கு எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். எனக்கு விற்ற கடையின் பக்கத்தில் ‘எல்லா ஏஆர்-15க்கும் பொருந்தும்’ என்று இருந்தது. பொருந்தும்தான், மூன்று பாகங்களை மாற்றினால்.

‘மிட்-லெங்த் ரெயில்’ என்ற சொல்லும் படுத்தும். சிலர் மிட் கேஸுக்கான 9 அங்குல டிராப்-இன்னைச் சொல்கிறார்கள், சிலர் நடுத்தர நீள ஃப்ரீ-ஃப்ளோட்டைச் சொல்கிறார்கள். அங்குலத்தில் மட்டும் பேசுங்கள்.

ஏஆர் வடிவிலேயே பெரிய .308 தோட்டாவுக்கான ரைஃபிள் வைத்திருந்தால் இன்னும் கவனம். அங்கே எல்லாருக்கும் பொதுவான அளவே கிடையாது. டிபிஎம்எஸ் ஹை, டிபிஎம்எஸ் லோ, ஆர்மலைட் என்று ரிசீவர் உயரமும் நட்டின் மரையும் மாறும். ஏஆர்-15 ரெயில் அதில் ஏறாது.

7. உண்மையான செலவு

ரெயிலின் விலை மட்டும் செலவு அல்ல. நான் வாங்கியபோது பார்த்த விலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். சுமாரான ஃப்ரீ-ஃப்ளோட் ரெயில் 100 முதல் 200 டாலர், பெயர் பெற்றவை 250க்கு மேல். முன் சைட் பிளாக்கைக் கழற்ற வேண்டியிருந்தால் தாழ்வான கேஸ் பிளாக் 30 முதல் 50. வாங்கும் முன் பிளாக் உட்காரும் இடத்தில் பேரலின் விட்டத்தை அளக்க வேண்டும். .750 அங்குலம்தான் அதிகம், மெல்லிய பேரலில் .625, கனமான பேரலில் .936. ரிசீவரை வைஸில் பிடிக்கும் கருவி 40 முதல் 100, டார்க் ரெஞ்ச் 50 அளவில், கூடவே கிரீஸ், ரோல் பின் பன்ச். ஒரே ஒரு முறை செய்யப் போகிறீர்கள் என்றால் கருவிகளை வாங்காமல் கன்ஸ்மித்திடம் கொடுப்பதுதான் லாபம். கூலி எவ்வளவு, எத்தனை நாள், பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா என்று முன்பே கேளுங்கள். வேட்டைக் காலத்துக்கு முந்தைய வாரங்களில் அவர்கள் கைநிறைய வேலையோடு இருப்பார்கள். என் ரைஃபிள் மூன்று வாரம் அலமாரியில் தூங்கியது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பல கடைகள் ஒரு முறை மாட்டிய ரெயிலைத் திரும்ப எடுப்பதில்லை, திருகின் தடம் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே வந்தவுடன் மாட்டாதீர்கள். பேரலுக்குப் பக்கத்தில் வைத்து, முன்பு எழுதிய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. நீங்களே மாட்டுவதென்றால்

ரெயிலோடு வரும் கையேடுதான் கடைசி வார்த்தை, நான் இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முன் சைட் பிளாக்கைப் பிடித்திருக்கும் பின்கள் ஒரு பக்கம் சிறுத்தவை. சிறுத்த பக்கத்திலிருந்து தட்டினால்தான் வெளியே வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டியதால்தான் நான் கன்ஸ்மித்திடம் போய் நின்றேன்.

வழக்கமான பேரல் நட்டை 30 முதல் 80 ஃபுட்-பவுண்டுக்குள் இறுக்குவார்கள். கேஸ் டியூப் நுழையும் பள்ளம் நேராக வரவில்லை என்றால் அடுத்த பள்ளம் வரை மேலும் இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தி நேராக்கக் கூடாது. ரெயிலோடு வரும் தனி நட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணே கணக்கு, சிலவற்றில் ஷிம் தகடு கொடுத்திருப்பார்கள். மரையில் கிரீஸ் தடவாமல் ஏற்றாதீர்கள். கிராஃபைட் கலந்தது வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு போல்ட் கேரியரை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். கேஸ் டியூப் அதன் மேலுள்ள ‘கேஸ் கீ’ என்ற சின்னக் குழாய்க்குள் உரசாமல் வழுக்கிப் போக வேண்டும். கிறீச் என்று தடை தெரிந்தால் டியூப் கோணலாக இருக்கிறது, சுடாதீர்கள். ரெயிலின் மேல் பற்களும் ரிசீவரின் மேல் பற்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பிறகு ஒரு மெல்லிய காகிதத்தை ரெயிலுக்கும் பேரலுக்கும் இடையே விட்டு முனையிலிருந்து நட் வரை இழுங்கள். எங்காவது சிக்கினால் ரெயில் பேரலைத் தொடுகிறது.

ஒவ்வொரு திருகின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதை ரெயில் வரைக்கும் நீட்டி விடுங்கள். ரேஞ்சில் முதல் வேலையாக ஸீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுகிறதா என்று) பாருங்கள், பேரல் நட்டைத் திறந்திருந்தால் அது நகர்ந்திருக்கும். 50 குண்டுக்குப் பிறகு ரைஃபிளை இறக்கி, காலி செய்து, ஆறவிட்டு அந்தக் கோடுகளைப் பாருங்கள். எனக்கு ஆறில் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்கினேன், அதற்குப் பிறகு அசையவில்லை.